உட்காரச் சொல்லாத நாள்

அறுபது வயதில் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். அறுபத்தொன்றில் பேராசிரியர் ஆக்கினார்கள். இடையில் இருந்த ஒரு வருடம் செஞ்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டேன், மதியம் தூங்கினேன், சாயங்காலம் சீரியல் பார்த்தேன். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒருநாள்கூட ஆஸ்பத்திரி ஞாபகம் வந்து நான் அழுததில்லை. வரும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

முழுப் பேராசிரியர் இல்லை, இணைப் பேராசிரியர்தான். பொது மருத்துவத் துறை. என் கணவருக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்; யாரையாவது கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. "பேராசிரியரம்மா, பால் பொங்குது பாருங்க" என்று உத்தரவு வந்த அன்றைக்கு ஆரம்பித்தார். இன்னும் நிறுத்தவில்லை.

முன்பெல்லாம் அந்தப் பதவிக்கு வர வேண்டுமென்றால் மருத்துவக் கல்லூரிக்குள்ளேயே கிடந்து படிப்படியாக ஏற வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். இப்போது கல்லூரிகள் பெருகிவிட்டன, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அதனால் வெளியே அரசாங்க ஆஸ்பத்திரியில் பல வருடம் நோயாளிகளைப் பார்த்த ஸ்பெஷலிஸ்ட்டை நேராகவே எடுக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். விழுப்புரத்தில் இருந்த வருடங்களையும் செஞ்சியில் இருந்த வருடங்களையும் சேர்த்து அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனேன். நேர்காணலில் இருந்தவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "டீச்சிங் எக்ஸ்பீரியன்ஸ் ஏதாவது இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், மஞ்சள் மாத்திரை பின்னால் என்று ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "வார்டுல நர்சிங் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன் சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

முந்நூறு என்று நான் கூட்டிச் சொல்லவில்லை. செஞ்சி ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை புறநோயாளிகள் பிரிவில் வரிசை வாசலைத் தாண்டி மரத்தடி வரைக்கும் நிற்கும். சிங்கவரம், தொண்டூர், இன்னும் அங்கேயிருந்து பஸ் இருக்கிற எல்லா ஊரும் வந்து நிற்கும். அத்தனை பேரோடும் பேசிக்கொண்டிருந்தால் பாதிப் பேரைக்கூடப் பார்க்க முடியாது. அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. நின்றபடியேதான் பார்ப்பேன். கண்ணை இழுத்துப் பார்ப்பேன், நாக்கை நீட்டச் சொல்வேன், காலை அழுத்திப் பார்ப்பேன், சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன். ஒன்றுமில்லை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஏதாவது இருக்கிறது என்று பட்டால் மட்டும், பக்கத்தில் கிடக்கும் ஸ்டூலைக் காட்டி, "உக்காரு" என்பேன்.

இதை நான் யோசித்து வைக்கவில்லை. ஊர்தான் கண்டுபிடித்து வைத்துக்கொண்டது. டாக்டரம்மா உக்காரச் சொல்லவில்லை என்றால் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம், டீ குடிக்கலாம். உக்காரச் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போன் போட வேண்டும். ஸ்டூலைக் கண்டாலே சிலருக்கு முகம் வெளுத்துவிடும். ஒரு பெரியவர், "நிக்கிறேம்மா, எனக்கு நின்னாதான் வசதி" என்று கெஞ்சியிருக்கிறார். நர்சுகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த ஸ்டூலில் ஒருமுறைகூட உட்காராத ஒருத்தியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். சிங்கவரத்துக்காரி. என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவள். நிலக்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போன இடத்தில் கண்ணாடி விரியன் கடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தம் உறையவே இல்லை, சிறுநீர் இரண்டு நாள் நின்றுபோனது. மருந்து ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, எப்படியோ பிழைத்து வந்தாள். விரியன் விஷம் சும்மா போகாது. ஆள் பிழைத்தாலும் கிட்னியில் ஒரு காயத்தை வைத்துவிட்டுப் போகும், சில பேருக்கு அது வருடக்கணக்கில் கழித்துத் தலைகாட்டும். அதனால் வருடம் ஒருமுறை வந்து ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லியிருந்தேன். வந்தாள். ஒவ்வொரு வருடமும் பொங்கல் முடிந்து வருவாள். காலை அழுத்துவேன், ரிப்போர்ட்டைப் பார்ப்பேன், ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். அவள் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுவாள். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. நான் ஓய்வு பெற்ற பிறகு அவள் யாரிடம் போனாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கல்லூரிக்கு வருகிறேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். செஞ்சியிலிருந்து வேனில் ஒன்றரை மணி நேரம். காலையில் கூட்ரோட்டில் நின்றால் என்னைப் போல நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு போகும். புதுக் கட்டடம், பளபளவென்று தரை, சுவரெல்லாம் வாசகங்கள். வார்டுக்குள் போனால் கட்டில்கள் வரிசையாக இருக்கும். விரிப்பு மடிப்புக் கலையாமல் இருக்கும். நோயாளிகள் மட்டும் எங்காவது இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். மின்விசிறிகள் எல்லாக் கட்டில்களுக்கும் சமமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

போனவுடன் முதல் வேலை போனில் முகத்தைக் காட்டுவது. கல்லூரி வளாகத்துக்குள் நின்று காட்டினால்தான் அது ஏற்றுக்கொள்ளும். கண் சிமிட்டச் சொல்லும், சிமிட்ட வேண்டும். பச்சை வந்தால் நான் வந்திருக்கிறேன் என்று அர்த்தம். சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடியும். சிக்னல் கிடைக்கிற இடம் போர்ட்டிகோ மட்டும்தான் என்பதால் மொத்தப் பேராசிரியர்களும் அங்கே நின்று வரிசையாகக் கண் சிமிட்டுவோம். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது வாரம் வரவில்லை.

துறையில் ஓர் உதவிப் பேராசிரியர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆறு கட்டுரை எழுதியிருந்தார், என் நாற்காலிக்காகக் காத்திருந்தவர். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது, "எங்களுக்குப் பேப்பர், வருஷக் கணக்கு, எல்லாம் பாக்குறாங்க மேடம். உங்களுக்கு ஒரு லெட்டர்ல முடிஞ்சிடுச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சொன்னதில் தப்பும் இல்லை. "ஆமாம்ப்பா" என்றேன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு இரக்கமும் வரவில்லை, எரிச்சலும் வரவில்லை. எதுவுமே வராதது மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் வினோதமாக இருந்தது.

என்னை எடுத்தது அனுபவத்துக்காக. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கால் வீக்கத்தை எப்படிப் பார்ப்பது என்று ஒரு வகுப்பு எடுத்தேன். கணுக்காலுக்கு மேலே, எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து, மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்த பிறகு குழி விழுந்து அப்படியே நின்றால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. வார்டில் வீங்கின கால் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் ஒருவர் காலை ஒருவர் அழுத்திப் பார்த்தார்கள். எல்லாம் இருபது வயதுக் கால்கள், குழி விழவில்லை. "நிஜமா குழி விழுமா மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள். விழும் என்றேன். வந்தால் காட்டுகிறேன் என்றும் சொன்னேன்.

வந்தது. கல்லூரிக்கு அனுமதி கொடுக்கலாமா என்று பார்க்க ஆய்வுக்குழு வருகிறது என்ற செய்தியோடு வந்தது.

அன்று காலை நான் போகும்போது வார்டில் ஒரு கட்டில் காலியில்லை. எல்லாக் கட்டில்களிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள். தலைமாட்டில் சீட்டு, கையில் ஊசி குத்தாமலே ஒட்டிய பிளாஸ்திரி. விடியற்காலையில் நான்கு வேன்கள் ஊர் ஊராகப் போய் ஏற்றிக்கொண்டு வந்திருக்கின்றன. டிபன், மதியச் சாப்பாடு, சாயங்காலம் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். இப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், நானும் கேள்விப்பட்டதுதான். நேரில் பார்க்கும்போது என்ன தோன்ற வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் தோன்றவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டே போனேன். உதவிப் பேராசிரியரின் கையெழுத்து அழகாக இருந்தது.

ஏழாவது கட்டிலில் சிங்கவரத்துக்காரி படுத்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னா டாக்டரம்மா, இங்கயா இருக்கீங்க?" என்றாள். "ஊர்ல ஆளே காணோம்னு பேசிக்கினோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, ரகசியம் பேசுகிற மாதிரி, "நீங்களும் வேன்லதான் வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். வேனில்தானே வந்தேன்.

சீட்டில், காய்ச்சல், நான்காம் நாள் என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு அடங்கியபின் பார்த்தால் கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. முகம் ஊதி, தோல் மண்நிறமாக இருந்தது. "சாப்டியா?" என்று கேட்டேன். "இட்லி குடுத்தாங்க. எறங்கல டாக்டரம்மா, கொஞ்ச நாளா வாந்தி வர்ற மாரியே இருக்குது" என்றாள். காலைப் பார்க்கலாம் என்று நான் போர்வையைத் தொடுவதற்குள் ஆய்வுக்குழு வார்டுக்குள் நுழைந்துவிட்டது.

மூன்று பேர். வடக்கே எங்கிருந்தோ வந்தவர்கள். பெரியவராக இருந்தவர் என் கழுத்து அட்டையைப் படித்தார். என் பெயரைத் தன் தாளில் தேடினார். அரசாங்க சர்வீசிலிருந்து வந்தவரா, நல்லது, உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு நான் நின்றுகொண்டிருந்த கட்டிலையே காட்டி, மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள், செய்து காட்டுங்கள் என்றார்.

பிள்ளைகள் எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். குழி விழுமா என்று கேட்ட பெண்ணும் இருந்தாள். மனப்பாடம் செய்ததை ஒரு பையன் ஒப்பித்தான்: நான்கு நாளாகக் காய்ச்சல், வேறு நோய் எதுவும் இல்லை. நான் அவள் கண்ணை இழுத்துப் பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். புடவையைக் கொஞ்சம் ஏற்றி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போனது. எடுத்தேன். குழி அப்படியே நின்றது.

பெரியவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "எடிமா?" என்றார்.

சீட்டில் கால் வீக்கம் இல்லை என்று எழுதியிருந்தது. இருக்கிறது என்று நான் சொன்னால் சீட்டு பொய். சீட்டு பொய் என்றால் அடுத்த கட்டில் சீட்டையும் எடுத்துப் பார்ப்பார்கள். துறை போகும், கல்லூரி கேட்டிருந்த மேற்படிப்பு இடங்கள் போகும், என் நாற்காலியும் போகும். இதையெல்லாம் எடைபோட்டுத்தான் பதில் சொன்னேன் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அப்படி ஒன்றும் யோசிக்கவில்லை. வேனில் வரும்போதே என்னை எங்கோ வைத்துவிட்டு வந்ததைப் போல இருந்தேன்.

"நோ சார்" என்றேன். புடவையை இழுத்து அந்தக் குழியை மூடினேன்.

அந்தப் பெண்பிள்ளை என்னையே பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். சிங்கவரத்துக்காரியும் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். அவள் படுத்தபடியே கும்பிட்டாள்.

மத்தியானத்துக்குள் வந்து அவளைத் தனியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பிவிடலாம். மத்தியானம் ஆய்வுக்குழுவோடு சாப்பாடு, பிறகு சான்றிதழ்களின் அசலைக் காட்ட வேண்டும், பிறகு கையெழுத்து. நாலு மணிக்குப் போர்ட்டிகோவில் வரிசை. எனக்கு முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். அப்போது வேன்கள் வார்டுப் பக்கமிருந்து வளைந்து வந்தன. இரண்டாவது வேனின் ஜன்னலில் அவள் இருந்தாள், மடியில் கல்லூரி கொடுத்த சாப்பாட்டுப் பை. வரிசையை விட்டு நகர்ந்தால் திரும்பக் கடைசியில் போய் நிற்க வேண்டும். கை காட்டினேன். அவளும் கை காட்டினாள். என் முறை வந்தது, கண் சிமிட்டினேன், பச்சை வந்தது.

ஆய்வுக்குழுவின் அறிக்கை நன்றாக வந்தது என்று சொன்னார்கள். சர்வீசிலிருந்து வந்த ஆசிரியர்களைப் பற்றி அதில் தனியாக ஒரு வரி இருந்ததாம். உதவிப் பேராசிரியர் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். மறக்கவில்லை. சிங்கவரம் எங்கள் வீட்டிலிருந்து என்ன தூரம், கணவரின் ஸ்கூட்டரில் கால்மணி நேரம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு ஒன்றும் இல்லை, சும்மா படுத்திருந்தேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, இப்போது எழுந்து போகலாம், இப்போது போகலாம் என்று சொல்லிக்கொண்டு சாயங்காலம் வரை படுத்திருந்தேன். "பேராசிரியரம்மாவுக்கு உடம்பு சரியில்லியா?" என்று கணவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. இத்தனை வருடத்தில் யாருடைய காலையாவது அழுத்திவிட்டுப் பொய் சொன்னது அது ஒரு தடவைதான். அதை நினைத்தால் வலிக்க வேண்டும். வலிக்கவில்லையே என்றுதான் பயமாக இருந்தது.

ஏழாவது வாரம் போனேன். கணவர் ஸ்கூட்டரை அம்மன் கோயில் பக்கத்தில் நிறுத்திவிட்டு அங்கேயே இருந்துகொண்டார். நெல் அறுத்த வயலைத் தாண்டி, கடைசித் தெருவில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. வாசலிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். கழுத்தில் ஒரு பக்கம் கட்டு. அதற்குள்ளிருந்து இரண்டு குழாய் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அது எதற்கு என்று எனக்குச் சொல்ல யாரும் தேவையில்லை.

"வாங்க டாக்டரம்மா" என்றாள். உள்ளே பார்த்து மருமகளை நாற்காலி எடுத்து வரச் சொன்னாள். நாற்காலி வந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

மருமகள்தான் எல்லாம் சொன்னாள். ஒருநாள் மூச்சு விட முடியாமல் ஆகி ஆம்புலன்சில் விழுப்புரம் கொண்டுபோயிருக்கிறார்கள். இரண்டு கிட்னியும் போய்விட்டது, இனிமேல் வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும் என்றார்களாம். "ஒரு மாசம் முன்ன கூட்டியாந்திருந்தா மருந்துலயே கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம்னு சொன்னாங்க. இதுக்கு முன்னாடி யாருமே பாக்கலியான்னு கேட்டாங்கம்மா" என்றாள்.

"இன்னா சொன்ன?" என்று கேட்டேன். என் குரலில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. கல்லூரியில் அதை வெளியே விட மாட்டேன்.

பதில் சிங்கவரத்துக்காரியிடமிருந்து வந்தது. "பாத்தாங்கன்னு சொன்னேன். எங்க டாக்டரம்மாவே பாத்தாங்க, ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

"நான் அப்படிச் சொல்லலியே."

"கால அமுக்கிப் பாத்தீங்க. உக்காருன்னு சொல்லல. நல்லாதான் இருக்குது போலன்னு வேன்ல ஏறிட்டேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. நடந்ததைச் சொன்னாள். வாந்தி வந்தபோதெல்லாம், கால் வீங்கினபோதெல்லாம், டாக்டரம்மாவே பார்த்தாச்சு என்று வீட்டில் இருந்துவிட்டாளாம். புருஷன் திட்டியபோதும் அதையே சொன்னாளாம். பத்து வருடத்துக்கு மேலாக நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அது. அவள் அதைச் சரியாகப் படித்து வைத்திருந்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை வாரம் கழித்து முதன்முதலாக ஏதோ ஒன்று உள்ளே அசைந்தது, அது வெட்கம். கை பழக்கத்தில் போனது. அவள் முன்னால் குந்தி, புடவையைக் கொஞ்சம் ஏற்றி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டே இருந்தேன். எடுத்தபோது குழி நின்றது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரு" என்றேன்.

"உக்காந்துக்கினுதானே இருக்கேன் டாக்டரம்மா" என்றாள்.